சாப்பாட்டு அறையின் காற்று

மூன்றாவது நாளாக அந்த மெஷின் அணைந்து கிடந்தது. கெய்லீன் அதன் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காற்று வரவில்லை. பகல் பன்னிரண்டே கால். முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறையில் ஏறக்குறைய எல்லோரும் வந்து உட்கார்ந்தாயிற்று, பூசணி சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அறையில் இருந்த நான்கு ஏர் பியூரிஃபையர்களில் மூன்று அதனதன் மூலையில் இரைந்துகொண்டிருக்க, கடல் தெரியும் ஜன்னல் பக்கம் நின்ற இது மட்டும் ஊமையாக நின்றது. யாரும் பிளக்கைப் பிடுங்கவில்லை. பட்டனைத்தான் அமுக்கியிருக்கிறார்கள். பதினோரு மணிக்கு அவளே வந்து வேகத்தை மூன்றில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் மறுபடி பட்டனை அமுக்கினாள். மெஷின் பெருமூச்சு விட்டு எழுந்தது. பக்கத்து மேஜையில் நோலா என்ற மூதாட்டி கரண்டியைத் தட்டில் வைத்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்கு அருகில் இருந்த பெரியவர் கிளாரி இரைச்சல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, மழை வந்துவிட்டதா என்று கேட்டார். யாருக்கும் அது கேட்கவில்லை.

கெய்லீனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினேழு வயதில் பர்னி காகித ஆலையில் எலக்ட்ரீஷியன் வேலை பழகப் போனவள், ஆலை மூடும்வரை அங்கேயே இருந்தாள். மூடிய பிறகு கடலோரமாகவே மேற்கே பதினைந்து நிமிடம் தள்ளி இந்த இல்லத்துக்கு வந்துவிட்டாள். பல்பு மாற்றுவது, குழாய்ச் சொட்டை நிறுத்துவது, சக்கர நாற்காலியின் பிரேக்கைச் சரிபார்ப்பது, செத்துப்போனவர்களின் அறையில் சுவரில் அடித்திருந்த படத்து ஆணிகளைப் பிடுங்கிச் சுண்ணாம்பு பூசுவது எல்லாம் அவள் வேலை. கட்டடம் ஒரு காலத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம். எந்தக் கதவு எந்த மாதத்தில் உப்பி இறுகும், எந்தச் சுவருக்குள் எந்த வயர் ஓடுகிறது என்பதெல்லாம் அவளுக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. ஆட்களைவிடக் கட்டடத்தோடு அவளுக்குப் பழக்கம் அதிகம் என்று மானேஜர் பிரான்வின் கேலி செய்வாள். அதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

அந்த ஜூன் மாதத்தில், இந்தத் தென்கோடித் தீவில் குளிர்காலம் தொடங்கும்போது, கொரோனா மறுபடி உள்ளே வந்தது. தடுப்பூசி எல்லாம் போட்டிருந்தும் பத்தொன்பது பேர் படுத்தார்கள், நான்கு பேர் எழுந்திருக்கவில்லை. நான்கு பேரில் ஐவியும் ஒருவர். நோலா, கிளாரி, ஐவி மூன்று பேரும் அந்தக் கடல் பக்க மேஜையில் நாலு வருடமாக ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். அதன் பிறகு சாப்பாட்டு அறையைப் பூட்டி, ஏழு வாரம் தட்டுகளை அவரவர் அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். காய்ச்சல் போனது, ஆனால் தட்டுகள் பாதிச் சோற்றோடு திரும்பி வர ஆரம்பித்தன. நேபாளத்திலிருந்து வந்து ஆறு வருடமாக இங்கே நர்ஸாக இருக்கும் அனுபா ஒவ்வொரு திங்கள்கிழமையும் எடை பார்த்து எழுதிய தாளைக் கொண்டுவந்து பிரான்வின் மேஜையில் வைப்பாள். கிளாரி ஆறு கிலோ இறங்கியிருந்தார். வியாதி ஒன்றும் இல்லை, எதிரில் ஆள் இல்லாமல் இவர்களுக்குச் சோறு இறங்கவில்லை என்றாள் அனுபா. அறையைத் திறக்கத்தான் வேண்டும், ஆனால் மறுபடியும் ஒரு ஜூன் மாதத்தைத் தன்னால் தாங்க முடியாது என்றாள் பிரான்வின். அப்போதுதான் காற்றைப் பற்றிய பேச்சு வந்தது. பேச்சு வந்ததும் அது கெய்லீனின் தலையில் வந்து விழுந்தது.

அவள் வேலையை ஒழுங்காகவே செய்தாள். ஒரு வியாபாரி ஹோபார்ட்டிலிருந்து காரில் வந்து, டிபன் பெட்டி அளவுக்கு ஒரு கருவியைச் சுவரில் மாட்டிக் காட்டினான். வடிகட்டி கிடையாது, சத்தம் கிடையாது, காற்றில் இருக்கும் கிருமியைத் தேடிப்போய்க் கொல்லும் என்றான். ஐந்து நிமிடத்தில் அறையில் இடி விழுந்த இடத்து வாசனை வந்தது. ஆலையில் வெல்டிங் பட்டறையில் அவள் முகர்ந்த அதே வாசனை. அது ஓசோன், நுரையீரல் நொந்தவர்களுக்கு ஆகாது என்று தெரிந்து அவனை டீ கொடுத்து அனுப்பிவிட்டாள். அடுத்தது புற ஊதா விளக்கு. சுவரில் உயரத்தில் மாட்டுவது. ஆட்களின் தலைக்கு மேலே இருக்கும் காற்றில் மட்டும் கதிர் குறுக்கே பாயும். கீழே இருந்து எழும் மூச்சு அங்கே போய், கிருமி செத்து, கீழே இறங்கி வரும். சத்தமே கிடையாது. ஆனால் அதற்கு உயரம் வேண்டும், இந்த அறையின் கூரை இரண்டு மீட்டர் முப்பத்தைந்துதான். கிளாரியின் மருமகன் எழுந்து நின்றால் அவன் நெற்றியில் படும். அதனால் அதையும் தள்ளிவிட்டு, நீள அகல உயரத்தைப் பெருக்கிக் கணக்குப் போட்டு, கண்ணுக்குத் தெரியாத துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த நான்கு மெஷின்களை வாங்கச் சொன்னாள். வேகம் மூன்றில் ஓடினால் அறையின் மொத்தக் காற்றும் மணிக்கு ஆறு தடவை வடிகட்டப்படும். வேகம் ஒன்றில் ஓடினால் இரண்டு தடவைகூடத் தேறாது. ஆகவே மூன்று.

ஜன்னல்களைப் பற்றி பிரான்வின் கேட்டபோது மட்டும், இப்போது திறந்துதான் இருக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

ஆகஸ்டில் அறையைத் திறந்தார்கள். முதல் நாள் சிலர் அழுதார்கள். சட்டைக்கு இஸ்திரி போட்டு, முத்துமாலை போட்டு வந்தார்கள். கார்பன் டை ஆக்சைடு மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கெய்லீன் ஓரமாக நின்றாள். மெஷின் ஓடியும் அந்த எண் இறங்கவில்லையே என்று பிரான்வின் கவலைப்பட்டாள். அந்த மீட்டர் வெளிக்காற்று எவ்வளவு வருகிறது என்பதைத்தான் காட்டும், வடிகட்டி கிருமியைப் பிடிப்பது அதற்குத் தெரியாது என்று கெய்லீன் விளக்கினாள். அவளுக்கு அந்த இரைச்சலே போதுமான சாட்சியாக இருந்தது. இருபத்தேழு வருடம் ஆலையில் இருந்தவளுக்கு மெஷின் இரைந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால்தான் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். அதனால் அந்த அறையில் பேச்சு நின்றுபோனதை அவள் கவனிக்கவில்லை. முதல் வாரம் எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள். இரண்டாம் வாரம் தேவையானதை மட்டும் கேட்டார்கள். மூன்றாம் வாரம் உப்பு வேண்டுமென்றால் கையை நீட்டிக் காட்டினார்கள்.

மெஷின் அணைய ஆரம்பித்த நான்காவது நாள் அவள் சமையலறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நோலா வாக்கரைத் தள்ளிக்கொண்டு தனியாக வந்தார். எண்பத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, நெற்றியில் வெட்டிவிட்ட வெள்ளை முடி. அந்தக் காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர், ஊரில் யார் யாரோடு பேசினார்கள் என்பது அத்தனையும் தெரிந்தவர் என்று சொல்வார்கள். அவர் இடம் வலம் பார்த்துவிட்டு, ஒரு சின்னக் கள்ளத்தனத்தோடு, வாக்கரில் மாட்டியிருந்த கைத்தடியை எடுத்து அதன் முனையால் பட்டனை அழுத்தினார். குறி தப்பவில்லை. பழகிய கை.

கெய்லீன் போய் அவர் தோளைத் தொட்டாள். நோலா திரும்பிப் பார்த்தார். பயப்படவில்லை.

“நீங்கதானா?” என்றாள் கெய்லீன்.

“நான்தான். நீ யாரை நினைச்சே?”

“ஐவி எப்படிப் போனாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா நோலா? இதே மேஜையில உக்காந்து சாப்பிட்டவங்கதானே.” நினைத்ததைவிடக் குரல் கடுமையாக வந்துவிட்டது.

“கத்தாதே கண்ணு. உன் உதட்டைப் பாத்தாலே புரியுது.” நோலா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, எதிரில் இருந்ததைக் காட்டினார். கெய்லீன் உட்காரவில்லை. “என் காதுல மாட்டியிருக்கிற இந்தச் சனியனுக்கு மனுஷக் குரலும் காத்து இரைச்சலும் ஒண்ணுதான். ரெண்டையும் சேத்துப் பெருசாக்கி மண்டைக்குள்ள கொட்டுது. கிளாரி வாயை அசைக்கிறாரு, தெரியுது. பக்கவாதம் வந்ததுக்கப்புறம் அந்த வாயும் கோணலாத்தான் அசையுது, உதட்டைப் பாத்துப் படிக்க முடியல. அவருக்கு என் மூஞ்சி தெரியாது. எனக்கு அவர் பேச்சு கேக்காது. பக்கத்துல பக்கத்துல ரெண்டு மரக்கட்டை உக்காந்து சூப் குடிக்குது. இதுக்கு ரூமுலயே இருந்திருக்கலாமே.”

கெய்லீன் கிளாரியின் காலி நாற்காலியைப் பார்த்தாள். கிளாரிக்குக் கண்ணின் நடுப்பார்வை போய் மூன்று வருடம் ஆகிறது. எதிரில் இருக்கும் முகம் அவருக்கு ஒரு சாம்பல் நிறப் புகை, ஓரத்தில் மட்டும் வெளிச்சம். ஆளைக் குரலை வைத்துத்தான் அறிவார். நாற்பத்தொரு வருடம் பால் லாரி ஓட்டியவர். விடியற்காலையில் கிளம்பி அறுபத்துமூன்று பண்ணைகளில் பால் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போவார். அந்தப் பண்ணைகளை இந்த மேஜையில் உட்கார்ந்து, நாளுக்கு ஒன்று என்று சொல்லிக்கொண்டு வந்தாராம். எந்த வாசலில் எந்த நாய், யார் வீட்டில் மகன் ஓடிப்போனான், எந்தப் பெண் லாரிச் சத்தம் கேட்டதும் அடுப்பில் கெட்டிலை வைப்பாள் என்று எல்லாம். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து அதே வீடுகளின் குரலை மட்டும் கேட்டிருந்த நோலா, அந்தக் குரல்களுக்கு வாசலும் முற்றமும் கிடைக்கக் கிடைக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐவி நடுவில் நம்பாமல் சிரிப்பாராம். ஜூன் வந்தபோது இருபத்துமூன்று பண்ணை ஆகியிருந்தது.

“இருபத்துநாலாவது வீடு யாரோடதுன்னு எனக்கு இன்னும் தெரியாது,” என்றார் நோலா. “ரெண்டு வாரமா அவர் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு. நான் தலையைத் தலையை ஆட்டறேன். பொய்க்கு ஆட்டறேன்.”

“அதுக்காக இத்தனை பேர் உயிரை வச்சு விளையாடலாமா?”

நோலா மேஜை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு, காது கேட்காதவர்கள் சிலர் பேசுவது போல மிக மெதுவாக, தன் குரல் தனக்கே எட்டாத மாதிரிச் சொன்னார்.

“உனக்குத் தெரியாது. ஐவி போனதுக்குக் காரணமே நான்தான். மே மாசம் ஜன்னல்ல இருந்து பிடரியில குளிர் அடிக்குதுன்னு பிரான்வின்கிட்ட எழுதிக் கொடுத்தது நான். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. அப்புறம் யாரோ வந்து எல்லா ஜன்னலையும் மூடி ஆணி அடிச்சுட்டாங்க. எனக்கு இதமாத்தான் இருந்துச்சு. மூணாவது வாரம் ஐவிக்கு இருமல் வந்துச்சு.”

கெய்லீன் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அது ஐவியின் நாற்காலி என்பது உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

“ஆணி இல்ல,” என்றாள். “ஸ்க்ரூ. எட்டு ஜன்னல், பதினாறு ஸ்க்ரூ. நான்தான் போட்டேன்.”

நோலா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லையோ என்று கெய்லீன் இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தாள். முடியவில்லை. மே மாதத்து அந்தப் பிற்பகல் அவளுக்குத் துல்லியமாக நினைவிருந்தது. எதிரே இருக்கும் நீரிணையிலிருந்து மேற்குக் காற்று ஊளையிட்டது. ஜன்னல் சட்டங்கள் கடகடவென்று ஆடின. சட்டத்தைப் பழுதுபார்க்க ஒரு வாரம் ஆகும், ஸ்க்ரூ போட அரை மணி நேரம் போதும். வெயில் காலம் வந்ததும் கழற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஐவியை எடுத்துப் போன அன்று மாலை யாரிடமும் சொல்லாமல் ஏணியை வைத்துப் பதினாறையும் கழற்றினாள். ஒரு பழைய ஜாம் பாட்டிலில் போட்டு வண்டியின் இருக்கைக்கு அடியில் வைத்திருந்தாள். ஜன்னலால்தான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. யாராலும் சொல்லவும் முடியாது. பேரன் பேத்திகள் வந்து முத்தம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை இருந்தது, இருமிக்கொண்டே வேலைக்கு வந்த தற்காலிக ஊழியர் ஒருவர் இருந்தார். எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் வண்டி திருப்பத்தில் வளையும்போது பாட்டில் உருண்டு கலகலவென்று சத்தம் போடும்.

நோலா மேஜையின் குறுக்கே கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல.”

“நானும் சொல்லல.”

வராந்தாவில் வாக்கர்கள் உருளும் சத்தம் வந்தது. நோலா கையை எடுத்துக்கொண்டு, காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டார். “இப்ப இதைப் போடறதா, வேண்டாமா? நீயே சொல்லு. நீ போட்டா நான் தொட மாட்டேன்,” என்றார்.

கெய்லீன் மெஷினை வேகம் ஒன்றில் போட்டாள். பிறகு கடல் பக்கத்து ஜன்னல்களில் இன்னும் இரண்டைக் கையளவுக்குத் தூக்கிவிட்டு, தான் போட்டிருந்த கம்பளி மேல்சட்டையைக் கழற்றி நோலாவின் பிடரியைச் சுற்றிக் கட்டினாள். அதில் எண்ணெய் வாடை அடிக்கும் என்றாள். அடிக்கட்டும் என்றார் நோலா.

அன்று பிற்பகல் அவள் வேறு வேலை எதையும் தொடவில்லை. இன்னும் நான்கு மெஷின் வாங்கி எட்டையும் மெல்ல ஓட்டினால் சத்தம் குறையும், காற்றும் சுத்தமாகும். அதைத்தான் முதலில் நினைத்தாள். ஆனால் பிளக் பாயிண்ட் போதாது, தரையில் வயர் ஓடினால் வாக்கர் சக்கரம் தடுக்கி இடுப்பெலும்பு முறியும். காலியான அறையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே வெள்ளை அட்டைச் சதுரங்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு மேலே அவள் வயர் மாற்றப் பத்துத் தடவையாவது ஏறியிருக்கிறாள். தூசி, செத்த குளவிக்கூடு, பழைய குழாய். எழுபதுகளில் கணப்புச் செலவைக் குறைக்க யாரோ போட்ட பொய்க்கூரை அது. அதை இத்தனை வருடமும் அறையின் கூரை என்றே அவள் நினைத்து வந்திருக்கிறாள். ஏணியைக் கொண்டுவந்து ஒரு அட்டையைத் தூக்கி டார்ச் அடித்தாள். பள்ளிக்கூடத்துப் பழைய கூரை, பூவேலை செய்த தகரம், சுண்ணாம்பு உரிந்து அங்கேயே இருந்தது. டேப்பை நீட்டினாள். தரையிலிருந்து மூன்று மீட்டர் எண்பது. ஏணியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாள்.

பொய்க்கூரையைப் பிரித்தால் புற ஊதா விளக்குக்கு வேண்டிய உயரம் கிடைக்கும். ஆனால் குளிர்காலத்தில் சூடெல்லாம் மேலே போய்விடுமே என்றாள் பிரான்வின். அதற்கு மின்விசிறி போடலாம், மிக மெதுவாகச் சுற்றட்டும், மேலே போன சூட்டைக் கீழே தள்ளும், அதோடு கீழ்க்காற்றையும் மேல்காற்றையும் கலக்கிவிடும், கலக்காவிட்டால் அந்த விளக்கு சும்மா கூரைக்குத்தான் வேலை செய்யும் என்றாள் கெய்லீன். மெஷின்கள்? அவையும் இருக்கட்டும், வேகம் ஒன்றில், சத்தம் போடாமல். ஜன்னலும் கொஞ்சம் திறந்திருக்கட்டும். ஒன்றை மட்டும் நம்பிக் கெட்டது போதும் என்றாள். பிரான்வின் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பழைய அட்டையில் நுரையீரலை அரிக்கும் கல்நார் இருக்குமோ என்று பரிசோதனைக்கு அனுப்பி, இல்லை என்று தாள் வர மூன்று வாரம் ஆனது. தகரம் கதிரைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பும் என்று படித்துவிட்டு, மினுக்கம் இல்லாத பெயிண்ட் இரண்டு கோட் அடிக்க வைத்தாள்.

குடும்பத்தாரைக் கூட்டி விஷயத்தைச் சொன்னபோது கிளாரியின் மகள் ஷெரில் எழுந்து நின்றாள். லான்செஸ்டனிலிருந்து வாரம் தவறாமல் வருகிறவள். தண்ணீர்த் தொட்டியில் கிருமியைக் கொல்லும் கதிரை என் அப்பா தலைக்கு மேல் வைக்கப் போகிறீர்களா, மிச்சமிருக்கும் கண்ணையும் அவித்துவிடவா என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தக் கதிரை நேராகப் பார்த்தால் கண் எரியும், தோல் சிவக்கும், அது கெய்லீனுக்கும் தெரியும். கிளாரி கோணல் வாயால் மெல்லச் சொன்னார், “என் கண்ணுல இனிமே அவிக்கிறதுக்கு என்னம்மா மிச்சம் இருக்கு?” சிலர் சிரித்தார்கள். ஷெரில் சிரிக்கவில்லை. கெய்லீனும் சிரிக்கவில்லை. விளக்கை மாட்டிய அன்று வந்து நீங்களே பாருங்கள், ஒரு நாற்காலியிலாவது அளவு மீறினால் அன்றைக்கே கழற்றிவிடுகிறேன் என்றாள்.

நவம்பரில் மாட்டினார்கள். கதிர் கீழே சிந்தாமல் இருக்க ஒவ்வொரு விளக்கின் முகத்திலும் கறுப்புத் தகடுகள் நெருக்க நெருக்கமாக இருந்தன. ஏணி வைக்கும் ஆள் யாராக இருந்தாலும் முதலில் சாவியால் அணைக்க வேண்டும் என்று தனியே ஒரு சுவிட்ச். அன்று காலை ஷெரில் கையைக் கட்டிக்கொண்டு கதவருகே நிற்க, கெய்லீன் கதிர் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு முப்பத்துநான்கு நாற்காலியிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்தாள். மீட்டரைத் தன் கண்ணுக்கு நேராகப் பிடிப்பாள், எண்ணைப் படிப்பாள், எழுதுவாள், எழுந்து அடுத்ததில் உட்காருவாள். சக்கர நாற்காலிக்காரர்களின் இடத்தில் மண்டியிட்டாள். ஊழியர்கள் நின்று பரிமாறும் இடத்தில் நின்றாள். இப்படி உட்கார்ந்து பார்க்கும்போதுதான், ஒவ்வொரு நாற்காலியிலிருந்தும் அறை வேறு மாதிரித் தெரிவதை அவள் கண்டாள். ஒன்றிலிருந்து கடல் தெரிந்தது, ஒன்றிலிருந்து சமையலறைக் கதவு, ஒன்றிலிருந்து வெறும் சுவர். பதினான்கு வருடமாக நின்றே பார்த்திருந்த அறை. பத்தொன்பதாவது நாற்காலியில் எண் சற்று ஏறியது. அளவுக்குள்தான், ஆனாலும் அவள் ஏணியைப் போட்டு, விளக்கை அணைத்து, தகட்டைத் திருகிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். கடல் பக்க மேஜைக்கு வந்தபோது ஐவியின் நாற்காலியில் மீட்டரைப் படித்து எழுதிய பிறகும் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது. ஷெரில் கதவருகிலிருந்து வந்து அடுத்த நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டாள்.

அன்று பகல் எல்லோரும் உள்ளே வந்து ஒரு கணம் நின்றார்கள். அறை அவ்வளவு உயர்ந்திருந்தது. உச்சியில் விசிறிகள் தூக்கக் கலக்கத்தில் சுற்றின. புற ஊதா என்பதால் கண்ணுக்குத் தெரிவது ஒன்றும் இல்லை, தகடுகளுக்கு நடுவே ஒரு மங்கிய நீலம் மட்டும். கெய்லீன் சமையலறைக் கதவருகே நின்றாள். சத்தம் இல்லாத மெஷினை நம்ப அவளுக்கு உடம்பு மறுத்தது. அப்புறம் ஆட்டுக்கறித் தட்டுகள் வந்தன. பிறகு கரண்டிச் சத்தம் வந்தது. பிறகு எங்கோ ஒரு மூலையில் யாரோ கறிமேல் ஊற்றப் புதினாச் சாறு கேட்டார்கள், கையை நீட்டாமல், வாயால். அதற்கு யாரோ பதில் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் அந்த அறையில் ஆலையில்கூடக் கேட்காத ஒரு இரைச்சல் எழுந்துவிட்டது. கடல் பக்க மேஜையில் நோலா காதைக் கிளாரியின் கோணல் வாய்க்கு அருகே கொண்டுபோயிருந்தார். திடீரென்று நிமிர்ந்து, “அட, அவளா!” என்றார். “அந்தக் குரலுக்கு நான் ஒரு குண்டுப் பொம்பளையையில்ல நினைச்சு வச்சிருந்தேன்.” கிளாரி தட்டில் வைத்த கறி முழுவதையும் தின்றிருந்தார்.

மறுவருடம் மே மாதத்தின் முதல் குளிர் சீக்கிரமே வந்தது. இந்த மே மாதத்துக்காகத்தான் எல்லோரும் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தார்கள், யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஊரில் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் காய்ச்சலில் படுத்திருப்பதாகச் செய்தி வந்தது. கெய்லீன் விளக்குகளை அந்த வாரத்தில் இரண்டு தடவை துடைத்தாள். ஜன்னல் சட்டங்களைக் கோடையிலேயே இழைத்துச் சீராக்கியிருந்தாள், விரல் அளவு திறந்தாலும் இப்போது ஆடாது. ஒரு செவ்வாய்க்கிழமை, வெளியே கடலும் வானமும் ஒரே ஈய நிறத்தில் கிடக்க, அவள் கடல் பக்க மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை அவள் அங்கே சாப்பிட வேண்டும் என்பது நோலாவின் உத்தரவு. அந்தப் பழைய காலி நாற்காலியில் யாராவது உட்கார்ந்துதானே ஆக வேண்டும்.

அப்போது அறையின் மறுகோடியில் யாரோ இருமினார்கள்.

வறட்டு இருமல். ஒன்று, பிறகு இரண்டு. கரண்டிகள் நின்றன. ஒரு மேஜையில் தொடங்கி அடுத்த மேஜை, அடுத்த மேஜை என்று பேச்சு அணைந்துகொண்டே வந்தது. ஆறு மாதமாக இப்படி ஒரு அமைதி அந்த அறையில் இருந்ததில்லை. இருமியவர் மார்கரெட் என்ற ஒரு புதிய பெண்மணி, வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு கைக்குட்டையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, அடுத்த இருமலை உள்ளேயே அடக்கப் பார்த்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அனுபா சமையலறைப் பக்கமிருந்து முகக்கவசத்தை மேலேற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். கெய்லீனின் கண்கள் தானாகவே மேலே போயின. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தகடுகளுக்கு நடுவே அந்த நீலம் இருந்தது. அதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது.

கிளாரிக்கு மட்டும், ஏன் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள் என்று புரியவில்லை போலிருந்தது. அல்லது புரிந்துதானோ என்னவோ. அவர் மேஜைமேல் தடவி, தன் தண்ணீர்க் குவளையைக் கண்டுபிடித்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். இருமல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். நோலா எழுந்து அவர் முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தார். மேஜைகளுக்கு நடுவே, ஒருவர் நாற்காலியை உள்ளே இழுத்துக்கொள்ள, இன்னொருவர் வாக்கரை நகர்த்திக்கொடுக்க, இரண்டு பேரும் அந்தக் குவளையிலிருந்து ஒரு சொட்டும் சிந்தாமல் மெல்ல நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.